கண்ணாடி மேல் அடித்த சுண்ணாம்பு

நெத்திலியின் தலையைக் கிள்ளி இழுத்தால் குடலும் கூடவே வந்துவிடும். அதற்குக் கண் வேண்டாம், விரலே பார்த்துக்கொள்ளும். அதனால் பூங்காவனத்தின் கண்ணுக்கு வேலையில்லாமல் இருந்தது, வேலையில்லாத கண் நேரே போய்ச் சுவரில் உட்கார்ந்துகொண்டது. மணி பத்தரை. சீமந்தம் முடிந்த மகள் வினோதினி பகல் சாப்பாட்டுக்கு வந்துவிடுவாள். வந்தால் பிள்ளை பெற்று மூன்றாம் மாதம் வரைக்கும் இந்த ஒற்றை அறையில்தான். கட்டில் போட இருக்கிற இடம் ஒன்றே ஒன்று, ஜன்னலோரம். ஜன்னலோரச் சுவரில்தான் அந்த வெடிப்பு. இப்போது பார்த்தால் வெடிப்பு தெரியாது, இரண்டு வாரம் முன்னால் இவளே வெள்ளை அடித்து மூடிவிட்டாள். வெடிப்பை மூடினது போகட்டும், வெடிப்பின் குறுக்கே அந்த இன்ஜினியர் பெண் ஒட்டிவிட்டுப் போன கண்ணாடித் துண்டையும் சேர்த்தல்லவா மூடிவிட்டாள். ஜன்னலின் கீழ் மூலையிலிருந்து ஒரு சாண் தள்ளி விரல் நீளத்துக்கு ஒரு மேடு மட்டும் தெரிகிறது, வெள்ளைத் துணிக்குள் குச்சியை வைத்துத் தைத்த மாதிரி. அதற்குள்ளே கண்ணாடி இத்தனை நாள் இருந்த மாதிரி முழுசாக இருக்கிறதா, உடைந்து கிடக்கிறதா? அதுதான் தெரிய வேண்டும். அது தெரிந்தால் கட்டிலை எங்கே போடுவது என்று தெரியும், மகள் வரலாமா கூடாதா என்றே தெரியும். தன் கையாலேயே அதன் கண்ணைக் கட்டிவிட்டு இப்போது மீனை ஆய்ந்துகொண்டு அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

வேண்டுமென்று செய்யவில்லை. பிள்ளைத்தாச்சி வருகிற வீடு அழுக்காக இருக்கக்கூடாது என்று சுண்ணாம்பு வாங்கி ஊறப்போட்டு, நீலம் கலந்து, பழைய சுண்ணாம்பு ஏட்டை இரும்புக் கரண்டியால் சுரண்டித் தள்ளி, மட்டையை முக்கி முக்கி அடித்தாள். சுவர் என்றால் மேலிருந்து கீழே ஒரு இழுப்பு, பக்கவாட்டில் ஒரு இழுப்பு, கைக்குப் பழகின வேலை. கண்ணாடி வந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று தோன்றத்தான் செய்தது, ஆனால் தோன்றுவதற்குள் கை தாண்டிப் போய்விட்டது. ஒரு இழுப்பு போன பிறகு அந்த இடம் மட்டும் திட்டாக இருந்தால் நன்றாக இருக்குமா என்று இரண்டாவது இழுப்பும் இழுத்தாள். அடித்து முடித்துக் கட்டிலை நகர்த்தித் தரையைக் கழுவி வாசலில் நின்று பார்த்தபோது, ஆகா, கல்யாண வீடு மாதிரி இருக்கிறதே என்றுதான் இருந்தது. அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினாள். அது எப்படி? வெடிப்பு கண்ணில் பட்ட நாளெல்லாம் தூக்கம் கெட்டது, வெடிப்பை மூடின அன்று தூக்கம் வந்தது. சுவர் அதே சுவர். சுவரில் ஒன்றும் மாறவில்லை, இவளுக்குத் தெரிவதுதான் குறைந்தது. தெரிவது குறைந்தால் பயமும் குறைந்துவிடுமா, அப்படியானால் இத்தனை நாள் பயந்தது சுவருக்கா, வெடிப்பைப் பார்த்ததற்கா? இரண்டு மீன் தலையோடு சட்டியில் விழுந்துவிட்டன. பொறுக்கி எடுத்துத் தலையைக் கிள்ளினாள்.

அந்தப் பெண் வந்தது மூன்று மாதத்துக்கு முன்னால். லோடுமேன் சங்கத்துக் குடியிருப்பு, மூன்று மாடி, கட்டி முப்பத்து நாலு வருஷம் ஆகிவிட்டது, ஒருதரம் சோதித்துப் பார்க்கலாம் என்று சங்கத்துக்காரர்கள் கூட்டிவந்தார்கள். பெயர் நிரஞ்சனா. இருபத்தாறு இருபத்தேழு வயசு இருக்கும், தோளில் பை, காலில் ஷூ. சுவரை ஒரு தட்டுத் தட்டவில்லை, காதை வைத்துக் கேட்கவில்லை, பையிலிருந்து மெல்லிசான கண்ணாடித் துண்டை எடுத்தாள், வெடிப்பின் குறுக்கே வைத்து இரண்டு முனையிலும் பசையை அப்பினாள், கறுப்புப் பேனாவால் பக்கத்தில் தேதி எழுதினாள். "இன்னாம்மா இது?" என்று இவள் கேட்டதற்கு, "சுவர் நகர்ந்துகிட்டிருந்தா கண்ணாடி உடைஞ்சிடும்மா. உடைஞ்சா எனக்கு உடனே போன் பண்ணுங்க. உடையலேன்னா பழைய வெடிப்பு, பயமில்லை" என்றாள். "நீ படிச்ச பொண்ணு, நீயே பாத்துச் சொல்லேன், விழுமா விழாதா?" அவள் சுவரையும் இவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எனக்குத் தெரியலம்மா. அதுக்குத்தான் இதை ஒட்டியிருக்கேன்" என்று சொல்லிப் பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். பூங்காவனத்துக்கு அன்றைக்கு ஒரே கோபம். தெரியாது என்று சொல்லவா ஒரு ஆள் படித்துவிட்டு வருவது? டாக்டரிடம் போய், எனக்கு இன்னா வியாதி என்று கேட்டால், தெரியாது, நெற்றியில் ஒரு சீட்டு ஒட்டுகிறேன், அது கிழிந்தால் வா என்று சொல்வானா?

அந்தக் கோபத்தில்தான் துலுக்காணம் மேஸ்திரியைக் கூப்பிட்டாள். இவள் பத்தொன்பது வயசில் சித்தாளாக வேலைக்குப் போனபோது முதல் மேஸ்திரி அவர்தான். இந்தக் கட்டடத்தைக் கட்டினதும் அவர்தான், தலையில் இரும்புப் பாண்டு பாண்டாகக் கலவை சுமந்து ஏறினது இவள். பின்னால் லோடுமேன் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு, தான் மண் சுமந்த கட்டடத்துக்கே குடிவந்து சேர்ந்தாள். மேஸ்திரிக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது, டீக்கடை பெஞ்சை விட்டு எழுந்திருப்பதில்லை, இவள் கூப்பிட்டதற்காக வந்தார். வந்ததும் கண்ணாடியைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "செவுத்துக்குக் கண்ணாடி போட்டுவுட்டாங்களா? இன்னா, அதுக்குக் கிட்டப் பார்வையா தூரப் பார்வையா?" பிறகு விரலை மடக்கிக் கணுவால் தட்டினார், இங்கே ஒரு தட்டு, அங்கே ஒரு தட்டு, கண்ணை மூடிக்கொண்டு. "பூச்சு வெடிப்பு பூங்கா. மேல் தோலு பிளந்துகீது, உள்ள எலும்பு கல்லாட்டம் கீது. உம்பொண்ண வரச்சொல்லு, பேரனப் பெத்துக் குடுக்கச் சொல்லு. ஒண்ணும் ஆவாது." அந்தக் குரலில் ஒரு சந்தேகம் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் அந்தக் குரலைக் கேட்டு வேலை செய்திருக்கிறாள். சாரத்தில் ஏறு என்றால் ஏறுவாள், இறங்கு என்றால் இறங்குவாள், ஒருதரமும் விழுந்ததில்லை. தூக்குக்குண்டு விடாமலே சுவர் எத்தனை நூல் சாய்ந்திருக்கிறது என்று சொல்லுவார், பிறகு குண்டு விட்டுப் பார்த்தால் அத்தனை நூல்தான் இருக்கும். எப்படி மேஸ்திரி என்றால், தெரியும் அவ்வளவுதான் என்பார். அப்படிப்பட்ட மனுஷன் சொல்லிவிட்டார். அப்புறம் என்ன?

அப்புறம்தான் மணல். அங்கேதான் வந்து நிற்கிறது, எந்தப் பக்கம் சுற்றினாலும் அந்த மணலில்தான் கால் புதைகிறது. இந்தக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் முடிந்து கீழ்மாடிச் சுவர் எழும்பும்போது விடியற்காலையில் நாலு லாரி மணல் வந்தது. சலிக்கப் போனவள் கையில் அள்ளிப் பார்த்தாள், நிறம் வேறு, சிப்பித் தூள் மினுங்கியது. நுனி நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு. கடல் மணலானால் சுவரையும் கம்பியையும் உள்ளேயே அரித்துவிடும். அப்போது மேஸ்திரி பார்த்துவிட்டார். கிட்டே வந்து, "வாயி வேலை செய்யறதுக்கா கூலி குடுக்கிறாங்க? பாண்டத் தூக்கு" என்றார். கொஞ்ச நேரத்தில் சங்கத்து ஆபீஸிலிருந்து சட்டை போட்ட ஒருவர் வந்து மணலைக் காலால் எத்திப் பார்த்து, "எந்த மணல் மேஸ்திரி?" என்று கேட்டார். "ஆத்து மணலுங்க சார்" என்றார் துலுக்காணம். அந்தக் குரலிலும் ஒரு சந்தேகம் இல்லை. இன்றைக்குப் பூச்சு வெடிப்பு என்று சொன்ன குரலும், அன்றைக்கு ஆற்று மணல் என்று சொன்ன குரலும் ஒரே குரல்தான். ஆக அவருக்குத் தெரியாதென்று சொல்ல முடியாது, அவரைப்போலத் தெரிந்தவர் இந்த ஊரில் இல்லை. தெரிந்தவர் தெரிந்ததைச் சொல்லுகிறாரா என்பதுதான் கேள்வி. அந்தச் சுவர் விழுமென்று அவர் வாயால் சொன்னால் அது யார் கட்டின சுவர் என்று அடுத்த கேள்வி வருமே. பாவம், கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்கமாட்டார், எழுபது வயசுக்கு மேல் தன் சுவரைத் தட்டிப் பார்க்கிறவருக்குக் காதே நல்ல சத்தமாகத்தான் கேட்கும். நம் பிள்ளை பாடினால் நமக்குச் சுருதி தப்புவது தெரிகிறதா?

சரி, மணல் உப்பு என்பது மட்டும் நிச்சயமா? இதையும் கேட்டுப் பார்க்க வேண்டியதுதானே. பத்தொன்பது வயசுப் பெண், விடிந்ததிலிருந்து மண் சுமந்து உதட்டு மேலெல்லாம் வேர்வை. வேர்வை வழிகிற உதட்டில் எந்த மணலை வைத்தாலும் உப்புத்தான் கரிக்கும். சர்க்கரையை வைத்தாலும் முதலில் உப்புத்தான் தெரியும். முப்பத்து நாலு வருஷமாக உப்பு, உப்பு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறாள், சொல்லிச் சொல்லியே அது உப்பாகிப் போயிருக்கலாம். சிப்பித் தூள் மினுங்கியதே. மினுங்கியதா, இல்லை உப்பு என்று நினைத்த பிறகு மினுங்கியதாக வைத்துக்கொண்டாளா? ஒரு மனுஷிக்குத் தன் நாக்கு சொன்னதைக்கூட நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை என்றால் வேறு எதைத்தான் சொல்வது. அவளுக்குத் தன் பிறந்த தேதியே ரேஷன் கார்டு சொல்லித்தான் தெரியும், கார்டு எழுதினவருக்கு அவள் அம்மா சொன்னது, நல்ல மழை பெய்துகொண்டிருந்தது என்பது மட்டும்தான், அதற்கு அவர் ஒரு தேதியைப் போட்டார். வினோவுக்கு ஸ்கேன் எடுத்தபோது குழந்தைக்குத் தலை கீழே இருக்கிறது, கொடி சுற்றவில்லை என்றார்கள். படத்தைப் பார்த்தாள், மழைநாளில் டி.வி. தெரிகிற மாதிரி இருந்தது, தலையும் தெரியவில்லை காலும் தெரியவில்லை. ஆனால் அந்த நிமிஷமே நம்பிவிட்டாள், கோயிலில் தேங்காய்கூட உடைத்தாள். அதை நம்பினவள் இதை ஏன் நம்பமாட்டேன் என்கிறாள்? மீன்காரியிடம் வாங்கும்போது சங்கராவாக இருந்தால் செவுளைத் தூக்கிப் பார்ப்பாள். நெத்திலிக்குச் செவுளை எங்கே தூக்குவது, அதனால் மீன்காரியின் முகத்தைப் பார்ப்பாள். பார்க்க முடிந்த இடத்தில் பொருளைப் பார்க்கிறது, முடியாத இடத்தில் விற்கிறவள் முகத்தைப் பார்க்கிறது. உலகத்தில் பாதிக்கு மேல் நெத்திலிதான் போலிருக்கிறது.

விழுகிறதாக இருந்தால் இதற்குள் விழுந்திருக்காதா என்று பக்கத்து வீட்டில் எல்லோரும் சொல்லுகிறார்கள். அவள் வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்துத்தான் தூங்குவார், குளுகுளு என்று இருக்கிறது என்பார். அவர் போய் ஆறு வருஷம், அவர் போனது நெஞ்சுவலியில், சுவர் அவரை ஒன்றும் செய்யவில்லை. இத்தனை வருஷம் நின்றது இனியும் நிற்கும். இது நல்ல பேச்சுத்தான், மனசுக்கு இதமான பேச்சு. ஆனால் ஒரு ஸ்கூல் கட்டடத்தில் மராமத்து வேலைக்குப் போனபோது ஒரு சன்ஷேடைப் பார்த்தாள். இருபது வருஷம் நின்றதாம். காலையில் அதன் நிழலில் உட்கார்ந்துதான் எல்லோரும் கஞ்சி குடித்தார்கள். கஞ்சி குடித்துவிட்டுக் கை கழுவப் போன இடைவெளியில் அது கீழே கிடந்தது. சத்தம்கூடப் பிறகுதான் கேட்ட மாதிரி இருந்தது. உள்ளே கம்பி, கம்பியா அது, காய்ந்த முருங்கைக்காய் மாதிரி துருவாக உதிர்ந்தது. விழுகிற நாள் வரைக்கும் அந்த சன்ஷேடும் விழாத சன்ஷேடுதான்.

போன் அடித்தது. மீன் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள். "ம்மா, துணியெல்லாம் எடுத்து வெச்சிட்டேன். அவுரு ஆட்டோ இட்டார போயிகீறாரு. இன்னா கொழம்பு?" என்றாள் வினோ. "நெத்திலி." "மாங்கா போட்டியா?" "போடறேன்." "மாமியார் ஒரு மாசத்துக்கு உண்டான புத்திமதிய இன்னிக்கே சொல்லினு கீறாங்க, சீக்கிரம் கெளம்பணும்" என்று குரலைத் தாழ்த்திச் சிரித்தாள். பூங்காவனமும் சிரித்தாள். வைத்த பிறகுதான் தான் ஒன்றும் சொல்லவில்லை என்பது உறைத்தது. என்ன சொல்லியிருக்க வேண்டும்? ஆட்டோ பிடிக்க எவ்வளவு நேரமாகும், கால் மணி, வந்து சேர முக்கால் மணி.

எழுந்தாள். ஒரு துணியைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு சுவரிடம் போனாள். சுரண்டினால் கண்ணாடி போய்விடும், ஊறவைத்துத் துடைக்க வேண்டும். ஈரத் துணியை அந்த மேட்டில் ஒற்றி ஒற்றி வைத்தாள், பிள்ளைக்குக் காய்ச்சலென்றால் நெற்றியில் பற்றுப் போடுவாளே அந்த மாதிரி. சுண்ணாம்பு இளகிப் பால் மாதிரி வழிந்தது. ஒரு ஓரம் தெரிந்தது, கண்ணாடி பளிச்சென்று இருந்தது. அப்பாடா. இன்னும் கொஞ்சம் துடைத்தாள். நடுவில் ஒரு மயிரிழை. சுண்ணாம்பு ஒட்டியிருக்கிறதோ என்று நகத்தால் தடவினாள். நகம் தட்டியது. உடைந்திருந்தது, குறுக்கே, வெடிப்பு ஓடுகிற அதே இடத்தில். பூங்காவனம் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். சட்டியில் மீன் திறந்து கிடக்கிறதே, பூனை வரப்போகிறது என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு நினைத்தாள்: சரி, தெரிந்துவிட்டது. அதற்குப் பின்னாலேயே இன்னொன்று வந்தது: எது உடைத்தது? வெள்ளை அடிப்பதற்கு முன்னால் இரும்புக் கரண்டியால் பழைய ஏட்டைச் சுரண்டினாளே, அந்தக் கரண்டி இதன்மேல் பட்டதா? பட்டிருந்தால் டிக்கென்று ஒரு சத்தம் கேட்டிருக்கும். கேட்டதா? நினைத்துப் பார்த்தால் கேட்ட மாதிரி இருக்கிறது, இன்னொருதரம் நினைத்தால் கேட்கவில்லை. மட்டையை அழுத்தி இழுத்தாளே அதில் உடைந்ததா, இப்போது துடைத்தாளே அதிலா? சுவர் உடைத்ததா, இவள் உடைத்தாளா? கண்ணாடி இரண்டுக்கும் ஒரே மாதிரிதானே உடையும்.

இன்ஜினியர் பெண்ணின் நம்பர் காலண்டரில் எழுதியிருந்தது. எடுத்தாள். அவளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள், சுண்ணாம்பு அடித்ததைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் வேகமாகச் சொன்னாள். "கண்ணாடி மேலயே அடிச்சிட்டீங்களா?" "ஆமாம்மா." அவள் திட்டவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது. "சரிம்மா. அப்படின்னா இதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. நான் திங்கக்கிழமை வந்து வேற ஒட்டறேன். இன்னும் ரெண்டு மூணு மாசம் பார்க்கணும்." "ரெண்டு மூணு மாசமா? எம்பொண்ணு இன்னும் முக்காமணி நேரத்துல வந்து எறங்கப்போறாம்மா." "அவங்க அந்த ரூம்லதான் இருக்கணுமா?" "வேற ரூமு எங்கம்மா கீது?" "உங்களுக்கு எது சரின்னு படுதோ அப்படிச் செய்யுங்கம்மா. நான் தெரியாம எதுவும் சொல்லக்கூடாது." போனை வைத்துவிட்டு நின்றபோது முன்பு வந்த கோபம் வரவில்லை. இந்தப் பெண்ணுக்கு மூன்று மாதத்தில் தெரிந்துவிடும், உண்மையாகவே தெரிந்துவிடும், தெரிந்தால் மறைக்கமாட்டாள். ஆனால் ஆட்டோ அதற்கு முன்னால் வந்துவிடும். மேஸ்திரி இப்போதே சொல்லுவார், எப்போது கேட்டாலும் சொல்லுவார். ஒருத்திக்குத் தெரியும்வரைக்கும் நேரம் இல்லை, இன்னொருத்தருக்குத் தெரிந்தாலும் அதைச் சொல்ல வாய் வராது. நடுவில் இருக்கிறது இவள். இவளுக்கு என்ன தெரியும்? ஒன்று தெரியும், மணலைச் சலித்தவள் இவள். உப்போ வேர்வையோ, அன்றைக்கு இவள் அதைத் துப்பினாள். துப்பியது நிச்சயம். துப்பிவிட்டுச் சுமந்தாள், அதுவும் நிச்சயம்.

வினோவைக் கூப்பிட்டாள். "ஆட்டோ வந்துச்சா?" "இதோ தெரு முனைல வருது. ஏன்?" "வர வேணாம்." "இன்னாது?" "இங்க வர வேணாம் வினோ. செவுரு சரியில்ல. நீ அங்கியே இரு, நான் அங்க வந்து உன்னப் பாத்துக்கிறேன்." "இன்னாம்மா ஒளர்றே? தலைப்பிள்ளைக்கு அம்மா வூட்டுக்கு வராம மாமியார் வூட்லயா பெத்துப்பாங்க? இவங்க சும்மாவா வுடுவாங்க? காலத்துக்கும் சொல்லிக் காட்டுவாங்கம்மா." "சொல்லிக் காட்டட்டும்." "மேஸ்திரி தாத்தா ஒண்ணும் ஆவாதுன்னாரே?" "சொன்னாரு." "அப்ப இன்ஜினியரம்மா வுழும்னு சொல்லிட்டாங்களா?" "இல்ல, அவங்க ஒண்ணும் சொல்லல." "அப்ப யாருதாம்மா சொன்னது?" பின்னால் சம்பந்தியம்மாவின் குரல் கேட்டது, "இன்னாவாம் உங்கம்மாளுக்கு? வெச்சிப் பாக்க முடியலயாமா?" அது காதில் விழட்டும் என்றே சொன்னது, விழுந்தது. "நான்தான் சொல்றேன்" என்றாள் பூங்காவனம். "உனக்கு இன்னாம்மா தெரியும்?" என்று வினோ கேட்டாள். கோபத்தில் கேட்கவில்லை, அழுகிற குரலில் உண்மையாகவே கேட்டாள். "தெரிஞ்சா சொல்லமாட்டனா? தெரியலடி, அதான் வேணான்றேன். ஆட்டோவத் திருப்பி அனுப்பிடு. கொழம்ப தூக்கினு ஒரு மணிக்கு வந்துடறேன்."

மாங்காயை நறுக்கும்போது வாசலில் நிழல் விழுந்தது. மேல் வீட்டு மெஹருன்னிசா, கையில் காலிக் குடம். "இன்னாக்கா, பொண்ணு வந்துடுச்சா?" என்று எட்டிப் பார்த்தவள் ஈரச் சுவரையும் கண்ணாடியையும் பார்த்துவிட்டாள். குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். இந்தக் கண்ணாடி எதற்கு என்று குடியிருப்பில் எல்லோருக்கும் தெரியும். "ஒடைஞ்சிகீதே." "ஆமா." "செவுரு நவுந்துட்டதா?" "நானே ஒடைச்சிருக்கலாம்." மெஹருன்னிசாவின் மாமனார் வாதம் வந்து ஒன்றரை வருஷமாகப் படுத்த படுக்கை. காற்று வருமென்று அவர் கட்டிலை மேலே இதே ஜன்னலோரம்தான் போட்டிருக்கிறார்கள். அவள் கொஞ்ச நேரம் அந்த மயிரிழையையே பார்த்தாள், பிறகு திரும்பினாள். "நீ கட்டுன வூடுதானேக்கா இது. இன்ஜினியரு, மேஸ்திரி எல்லாம் கெடக்கட்டும். நீ சொல்லு, நீ சொன்னா நான் நம்பறேன். இருக்கலாமா?"

முப்பத்து நாலு வருஷத்தில் அவளிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று எத்தனையோதரம் நினைத்திருக்கிறாள், மணல் சலிக்கும்போது கேட்டிருக்கலாம், மேல் மாடிக்குக் கலவை தூக்கும்போது கேட்டிருக்கலாம். இப்போது கேட்டுவிட்டாள் ஒருத்தி, நம்புகிறேன் என்று வேறு சொல்லிவிட்டாள். தலையில் பாண்டை ஏற்றி வைத்த மாதிரி இருந்தது. இருக்கலாம் என்று சொல்ல மேஸ்திரியின் குரல் தொண்டை வரைக்கும் வந்தது, எவ்வளவு சுலபமான குரல் அது. போய்விடு என்று சொன்னாலும் ஒரு வார்த்தைதான். படுத்த கிழவரைத் தூக்கிக்கொண்டு அவள் எங்கே போவாள்? "மெஹரு, வுழுமா வுழாதான்னு எனக்குச் சொல்லத் தெரியல. இதுல போட்ட மணலு எனக்கு அன்னிக்கே புடிக்கல, வாயில வெச்சித் துப்பினேன், யாருகிட்டயும் சொல்லல. எம்பொண்ண இப்பதான் வர வேணான்னுட்டேன். அவ்ளோதான்."

மெஹருன்னிசா குடத்தை அங்கேயே விட்டுவிட்டுப் படியேறிப் போனாள். பூங்காவனம் அடுப்பைப் பற்றவைத்துச் சட்டியை ஏற்றினாள், எண்ணெய் ஊற்றினாள். கடுகு வெடிக்கிற நேரத்தில் மேலே இரும்புக் கட்டில் தரையில் உராய்கிற சத்தம் கேட்டது, கொஞ்சம் இழுத்து நின்று, மறுபடி இழுத்து, ஜன்னலை விட்டுக் கதவுப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.